சார்பும் சாட்சியும்

வென்றவர் யார் என்பதைக் கண்ணுள்ள எவரும் சொல்லிவிடலாம். வெல்லத் தகுந்தவர் யார் என்பதைச் சொல்லத்தான் நேரிய மனம் வேண்டும். விளையாட்டுத் திடலில் எழும் இச்சிறு வினா, சற்றே ஆழ்ந்து நோக்கினால், அறநூல்களெல்லாம் ஆராயும் பெருவினாவாக விரிகிறது. தன்னவர்க்காகப் பேசுவது நன்றா, தீதா? அன்பு எவ்விடத்தில் முடிகிறது, அநீதி எவ்விடத்தில் தொடங்குகிறது?

சேர்வராயன் மலையடிவாரம் முதல் காவிரிக் கரைவரை பரந்து கிடக்கும் எங்கள் சேலம், நாமக்கல் சமவெளி இன்று கல்லூரிகள் மலிந்த நிலமாகிவிட்டது. ஆத்தூர், இராசிபுரம், திருச்செங்கோடு, சங்ககிரி, ஓமலூர் என எச்சாலையில் சென்றாலும் காலை வேளையில் கல்லூரிப் பேருந்துகள் வரிசையாக எதிர்ப்படும். 1997ஆம் ஆண்டு சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் அமைந்தபின், சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கலை, அறிவியல் கல்லூரிகள் ஒரு குடையின்கீழ்ப் போட்டியிடத் தொடங்கின. கபடியும் கைப்பந்தும் இம்மண்ணுக்கு நெருங்கியவை; கால்பந்தும் கிரிக்கெட்டும் பின்னர் வந்து இடம் பிடித்தவை. போட்டிப் பருவம் வந்துவிட்டால் விடுதி அறைகளிலும் தேநீர்க் கடைகளிலும் ஒரே பேச்சுத்தான்: “இவ்வாண்டு கோப்பை யாருக்கு?” அதற்கு விடையாக வருபவை பெரும்பாலும் கணிப்புகள் அல்ல, வழக்குகள். எங்கள் அணி தோற்றதற்கு நடுவர் காரணம். அவர்கள் அணி வென்றதற்கு அதிர்ஷ்டம் காரணம். இந்த வாய்பாட்டை மாற்றிச் சொல்லும் மாணவனைக் காண்பது அரிது.

இவ்வாதங்களைக் கேட்கும் பெரியவர்கள் இருவகையினர். வேலையற்ற பேச்சென்று ஒதுக்குவோர் ஒருவகை. தாமும் கலந்துகொண்டு பிள்ளைகளைவிட உரக்கப் பேசுவோர் மற்றொரு வகை. இருசாராருமே ஒன்றைக் கவனிக்கத் தவறிவிடுகின்றனர். பதினெட்டு வயதுப் பிள்ளை தீர்ப்பு வழங்கிப் பழகும் முதல் மன்றம் இதுவே. நாளை ஜமாஅத்தில் வழக்குப் பேசும்போதும், அலுவலகத்தில் ஒருவரைப் பதவிக்குப் பரிந்துரைக்கும்போதும், உடன்பிறந்தாருக்குச் சொத்துப் பிரிக்கும்போதும் அவன் கையில் எடுக்கப்போகும் தராசை இங்கேதான் முதன்முதலில் தூக்கிப் பார்க்கிறான். தராசு இங்கே சாய்ந்து பழகினால் அங்கேயும் சாயும்.

குதிரைப் பந்தயத்தில் மூண்ட போர்

அரபு மதரஸாக்களில் பழங்கவிதை பயின்றோர் அனைவரும் அறிந்த செய்தி ஒன்றுண்டு. இஸ்லாத்திற்கு முற்பட்ட அரபு நாட்டில் அப்ஸ், துப்யான் என்னும் இரு குலத்தார் இருந்தனர். இருவரும் ஒரே முன்னோரின் வழிவந்த உறவினர். அப்ஸ் குலத்துக் கைஸ் இப்னு ஸுஹைரும் துப்யான் தரப்பைச் சேர்ந்த ஹுதைஃபா இப்னு பத்ரும் குதிரைப் பந்தயம் ஒன்றுக்கு உடன்பட்டனர். தாஹிஸ் என்ற குதிரையும் கப்ரா என்ற பெட்டைக் குதிரையும் அப்பந்தயத்தால் வரலாற்றில் பெயர் பெற்றன. முந்தி வந்துகொண்டிருந்த குதிரையை எதிர்த்தரப்பார் வழியில் மறைந்திருந்து மடக்கித் திருப்பிவிட்டனர் என்பது குற்றச்சாட்டு. வென்றது யார், பந்தயப் பொருளான ஒட்டகங்கள் யாருக்கு என்ற வாய்ச்சண்டை கொலையில் முடிந்தது. கொலைக்குக் கொலை, அதற்கு மறுகொலை என்று நாற்பது ஆண்டுகள் போர் நீடித்ததாக மரபு கூறுகிறது.

அந்தப் போர் எப்படி ஓய்ந்தது என்பது அது தொடங்கிய விதத்தைவிடச் சிந்தனைக்குரியது. ஹரிம் இப்னு ஸினான், ஹாரிஸ் இப்னு அவ்ஃப் என்னும் பெருந்தகையார் இருவர், தாம் செய்யாத கொலைகளுக்குரிய ஈட்டுத்தொகையைத் தம் சொந்த ஒட்டகங்களிலிருந்து கொடுத்துச் சமாதானம் செய்வித்தனர். ஸுஹைர் இப்னு அபீ ஸுல்மாவின் புகழ்பெற்ற முஅல்லகா அவ்விருவரைப் போற்றப் பிறந்ததுதான். போரில் பெருவீரம் காட்டியவர் பலர் இருந்தும், அம்முதுகவிஞர் தம் பாட்டின் பெருமையைப் பகையைத் தீர்த்தவர்களுக்கே அளித்தார்.

ஒரு பந்தயத்தின் முடிவு பற்றிய கருத்து வேறுபாடு இரண்டு தலைமுறைகளை விழுங்கியது எப்படி? அன்று முடிவு சொல்லப் பொதுவான ஒருவர் இல்லை. திடலில் நின்ற ஒவ்வொருவனும் ஒரு குலத்தின் மகனாக மட்டுமே நின்றான். கண்ணால் கண்டதைச் சொல்லும் சாட்சி எவனும் இல்லாமற் போனான்.

அன்பும் அஸபிய்யத்தும்

இந்நிலைக்கு அரபு மொழியில் ‘அஸபிய்யத்’ என்று பெயர். தந்தைவழி உறவினரைக் குறிக்கும் ‘அஸபா’ என்ற சொல்லோடு தொடர்புடையது அது. கட்டுதல், பிணித்தல் என்பது அதன் அடிப்பொருள். பதினான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் இச்சொல்லையே அரசுகளின் தோற்றத்துக்கும் வீழ்ச்சிக்கும் திறவுகோலாக வைத்தார். பிணைப்பில்லாத கூட்டம் ஊரையும் காக்காது, அரசையும் நிறுவாது என்றார் அவர். ஆகவே பிணைப்பு முழுவதையும் பழிப்பது அறிவுடைமையாகாது. தன் கல்லூரி வெல்ல வேண்டும் என்று விரும்பாத மாணவன் உயர்ந்த நடுநிலையாளன் என்று எண்ணிவிடக் கூடாது. அவன் எதன்மேலும் பற்றில்லாதவனாகவும் இருக்கலாம். ஆடுவோர்க்கு ஊக்கம் தருவது பார்ப்போரின் ஆரவாரம். அவ்வாரவாரம் ஒரு பக்கம் சாய்ந்துதான் எழும்.

அப்படியானால் கோடு எங்கே? தம் கூட்டத்தாரை நேசிப்பது அஸபிய்யத்தில் சேருமா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வினவப்பட்டபோது, அது சேராது என்றும், தம் கூட்டத்தார் அநீதியில் இருக்கும்போது அவர்களுக்குத் துணை நிற்பதே அஸபிய்யத் என்றும் விடை பகர்ந்ததாக ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். மிகத் துல்லியமான பிரிவினை இது. நேசம் நெஞ்சில் இருக்கலாம். அது சாட்சிக்கூண்டில் ஏறி நின்று பேசக் கூடாது. தனக்கோ, பெற்றோர்க்கோ, உற்றார்க்கோ எதிராக முடிந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு திருமறையின் நான்காம் அத்தியாயம் பணிக்கிறது. தமிழ் மண்ணின் வள்ளுவரும் நடுவுநிலைமைக்கெனத் தனி அதிகாரமே வகுத்திருக்கிறார்.

ஃபிக்ஹு நூல்கள் இதனை நடைமுறை விதியாகவே ஆக்கின. மகனுக்காகத் தந்தை சொல்லும் சாட்சியத்தைப் பெரும்பான்மைச் சட்ட அறிஞர்கள் ஏற்பதில்லை. பகைவனுக்கு எதிராகப் பகைவன் சொல்லும் சாட்சியமும் அவ்வாறே. தந்தை பொய்யர் என்பது இதன் பொருளன்று. பாசம் கண்ணை மறைக்கும் என்பதை அந்த அறிஞர்கள் அறிந்திருந்தனர். தந்தை தன் மகனை நேசிக்கட்டும். வழக்கில் மட்டும் சற்று விலகி நிற்கட்டும் என்றனர்.

கல்லூரிப் போட்டிகளின் வரலாற்றில் இக்கோடு மதிக்கப்பட்ட இடங்களும் உண்டு. மிதிக்கப்பட்ட இடங்களும் உண்டு. யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் புனித யோவான் கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் கிரிக்கெட் ஆட்டத்திற்கு ‘வடக்கின் பெருஞ்சமர்’ என்று பெயர். கொழும்பில் ரோயல் கல்லூரியும் புனித தோமையர் கல்லூரியும் மோதும் பெரும் ஆட்டம் 1879இல் தொடங்கியது. ‘சமர்’ என்று பெயர் வைத்தும், உண்மையான சமரையே கண்ட அந்த மண்ணில், இரு கல்லூரிப் பழைய மாணவர்களும் ஆண்டுதோறும் ஒரே திடலில் கூடி மகிழ்கின்றனர். பெயரளவில் போர், உள்ளே விழா.

இதற்கு மாறாக, சென்னையின் புகழ்பெற்ற கல்லூரிகள் சிலவற்றின் மாணவர் குழுக்களிடையே, எந்தக் கோப்பையும் இல்லாமல், பேருந்துத் தடத்தின் பெயராலும் இரயில் பெட்டியின் பெயராலும் பகை வளர்ந்திருக்கிறது. 2024 அக்டோபரில் அத்தகைய தாக்குதல் ஒன்றில் ஒரு மாணவர் உயிரிழந்தார். ஆட்டமாவது இருந்தால் தொண்ணூறு நிமிடத்தில் முடிவு கிடைத்துவிடும். ஆட்டமே இல்லாத பகைக்கு முடிவுக் கோடு ஏது? பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு வாசலில் காத்திருக்கும் பெற்றோர் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது.

தகுதி என்பது எது?

இனி, நாம் முதலில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். கோப்பைக்குத் தகுந்தவர் யார் என்பதை எப்படி அறிவது? இவ்வினாவை உலகிலேயே மிகுந்த செலவிலும் சினத்திலும் விவாதித்துவருவோர் அமெரிக்கக் கல்லூரியினர். அவர்கள் ஃபுட்பால் என்று அழைப்பது நம் கால்பந்தன்று. பந்தைப் பெரும்பாலும் கையில் ஏந்தியே ஓடுகின்றனர். பந்தின் வடிவமோ நாமக்கல்லார் நாள்தோறும் கோடிக்கணக்கில் அனுப்பும் முட்டையை ஒத்தது. அங்கே முதல்நிலையில் மட்டும் நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட கல்லூரி அணிகள் உள்ளன. ஓர் அணி பருவத்தில் ஆடுவதோ பன்னிரண்டு ஆட்டங்கள். எல்லோரும் எல்லோருடனும் ஆட இயலாது. எனவே நெடுங்காலம் செய்தியாளர்களின் வாக்கெடுப்பாலும் பயிற்சியாளர்களின் வாக்கெடுப்பாலுமே வாகையர் யார் என்று சொல்லப்பட்டது. 2014 முதல் பதின்மூவர் அடங்கிய தேர்வுக்குழு ஒன்று நான்கு அணிகளைத் தேர்ந்து மோதவிட்டது. தம் கல்லூரி பற்றிய பேச்சு வரும்போது அக்குழுவின் உறுப்பினர் அறையைவிட்டு வெளியேற வேண்டும் என்பது விதி. மகனுக்குத் தந்தை சாட்சியாக முடியாது என்ற நம் நூல்களின் விதியை, வேறு பாதையில் நடந்து அவர்களும் அடைந்திருக்கின்றனர்.

ஆயினும் வழக்கு ஓயவில்லை. 1973 நவம்பரில் மிச்சிகன், ஓஹாயோ மாநிலம் என்னும் இரு பல்கலைக்கழக அணிகள், இரண்டுமே தோல்வி காணாமல், மோதின. ஆட்டம் 10–10 எனச் சமமாயிற்று. அவற்றுள் எதைப் புத்தாண்டுப் பெருவிளையாட்டுக்கு அனுப்புவது என்பதை அந்தக் கூட்டமைப்பின் விளையாட்டு இயக்குநர்கள் வாக்களித்து முடிவு செய்தனர். மிச்சிகனின் முதன்மை ஆட்டக்காரருக்கு அவ்வாட்டத்தில் காறை எலும்பு முறிந்திருந்தது. வாக்கு ஓஹாயோவுக்குச் சென்றது. சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2023 டிசம்பரில், ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழக அணி பதின்மூன்று ஆட்டங்களில் பதின்மூன்றையும் வென்று நின்றது. அதன் முதன்மை ஆட்டக்காரரும் காயமுற்றிருந்தார். அவரின்றி இவ்வணி இனி வெல்லாது என்று எண்ணிய தேர்வுக்குழு, ஒவ்வொரு தோல்வி கண்ட அணிகள் இரண்டை உள்ளே எடுத்து, தோல்வியே காணாத அணியை வெளியே நிறுத்தியது.

இங்கேதான் ‘தகுதி’ என்ற ஒரே சொல்லுக்குள் இரு பொருள்கள் ஒளிந்திருப்பதைக் காண்கிறோம். செய்து காட்டியது ஒன்று. இனிச் செய்யக்கூடியது மற்றொன்று. முன்னதற்குச் சான்று உண்டு. பின்னதற்கு ஊகம் மட்டுமே உண்டு. ‘மிகச் சிறந்த அணியே வர வேண்டும்’ என்போர் ஊகத்தின் பக்கம் நிற்கின்றனர். ‘உழைத்து வென்ற அணியே வர வேண்டும்’ என்போர் சான்றின் பக்கம் நிற்கின்றனர்.

ஊகத்தின் தரப்பில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. எளிய எதிரிகளை மட்டும் தேடி ஆடி வென்ற அணியும், வலிய எதிரிகளோடு ஆடி ஒன்றில் தோற்ற அணியும் ஒரே நிறுவையில் நிற்குமா? நில்லா. வெற்றிகளை எண்ணினால் மட்டும் போதாது, நிறுக்கவும் வேண்டும். ஆனால் எதிரியின் வலிமையை நிறுப்பதும் நடந்ததை நிறுப்பதே. நடக்காததை நிறுப்பது வேறு. காயமுற்ற அணி நாளை தோற்கும் என்று சொல்வோன், ஆடாத ஆட்டத்திற்குத் தீர்ப்பு எழுதுகிறான். அந்த எழுதுகோல் யார் பக்கம் சாய்ந்தாலும் கண்டுபிடிக்க வழியில்லை. சார்பு குடிபுக அதைவிட வசதியான வீடு வேறில்லை.

நடந்தவை ஊகத்தை மெய்ப்பித்துவிட்டன என்று சிலர் வாதிடுவர். 1974 புத்தாண்டு நாளில் ஓஹாயோ 42–21 என்று வென்றது. 2023 டிசம்பர் இறுதியில் ஃபுளோரிடா அணியோ, வேறொரு விளையாட்டில் ஜார்ஜியாவிடம் 63–3 என்று படுதோல்வி அடைந்தது. ‘பார்த்தீர்களா?’ என்றனர் ஒருசாரார். ‘வாயில் அடைக்கப்பட்டபின் ஆட்டக்காரர் பலர் களம் இறங்கவே இல்லை, இது எப்படிச் சான்றாகும்?’ என்றனர் மறுசாரார். ஒரே எண்ணிக்கை இரு தரப்புக்கும் ஆதாரமாயிற்று! பரீட்சைக்கு அனுமதி மறுக்கப்பட்ட மாணவன் பின்னர்ப் படிப்பை விட்டுவிட்டால், மறுத்தது சரி என்று ஆகிவிடாது. தீர்ப்பின் நேர்மை, தீர்ப்பு வழங்கிய நாளில் கையிலிருந்த சான்றைப் பொறுத்தது.

ஊகம் எவ்வளவு தடுமாறும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சான்றுண்டு. சேலத்தை அடுத்த சின்னப்பம்பட்டியின் நெசவாளர் வீட்டுப் பிள்ளை நடராஜன், 2020ஆம் ஆண்டு இறுதியில் ஆஸ்திரேலியாவுக்குப் பயிற்சிப் பந்து வீச்சாளராகவே அழைத்துச் செல்லப்பட்டார். மற்றவர் காயமுற்றதால் வாயில் திறந்தது. ஒரே பயணத்தில் மூவகைக் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்காக முதல் ஆட்டம் ஆடினார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் நகர டெஸ்டின் முதல் இன்னிங்சில் மூன்று விக்கெட்டுகளை வீழ்த்தினார். பயணம் தொடங்கும்போது அவர் பெயரைச் சொல்லியிருக்கக்கூடியவர் எத்தனை பேர்? செய்து காட்ட ஒரு வாய்ப்பு, அதன்பின் செய்ததை வைத்து மதிப்பீடு. மனிதரை அளக்க இதனினும் நேர்மையான வழி இல்லை.

எல்லைக்கோடு முன்னரே தெரிய வேண்டும்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்திய செய்தியை இப்னு உமர் (ரலி) அறிவிக்கின்றார்கள். பயிற்சியால் உடல் இறுகிய குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை, ஐந்தாறு மைல் தொலைவு. பயிற்சி பெறாத குதிரைகளுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை, ஒரு மைல் அளவு. ஒத்தவரோடு ஒத்தவர் ஓட வேண்டும். தொடக்கமும் முடிவும் முன்னரே அறிவிக்கப்பட வேண்டும். ஃபிக்ஹு நூல்களில் பந்தயம் பற்றிய பாடத்தில் தூரம் வரையறுக்கப்பட்டிருப்பதை நிபந்தனையாக வைத்ததன் நுட்பம் இதுவே. ஓடி முடித்தபின் எல்லைக்கோட்டை நகர்த்துவது ஓடியவனின் உழைப்பைக் களவாடுவது.

இந்தியக் கால்பந்து இதனை உணரத் தவறியதன் விளைவை நாம் கண்டோம். கோயம்புத்தூரைத் தன் திடலாகக் கொண்ட சென்னை சிட்டி அணி 2018–19 பருவத்தில் ஐ-லீக் வாகை சூடியது. 43 புள்ளிகள் அதற்கு. 42 புள்ளிகளுடன் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் இரண்டாமிடம். ஒரு புள்ளி வேறுபாட்டில், கடைசி நாளில் கிட்டிய வெற்றி அது. ஆனால் அவ்வாகை மேல்நிலை லீகுக்கு வழி திறக்கவில்லை. ஆடி வென்றோர் அங்கே ஏறும் வழி 2023இல்தான் பிறந்தது. வென்றவனுக்கு அடுத்த படி இல்லையென்றால், வெற்றி என்பதற்குத்தான் என்ன பொருள்?

பிறகு 2024–25 பருவத்தில் வேறொரு சிக்கல். லீக் முடிந்தபோது கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ் 40 புள்ளிகள், வாரணாசியின் இண்டர் காசி 39 புள்ளிகள். எதிரணி ஒன்று விதிக்கு மாறாக ஆட்டக்காரர் ஒருவரைக் களமிறக்கியது என்ற முறையீடு தீராமல் நின்றது. 2025 ஏப்ரலில் சர்ச்சில் வாகையர் என அறிவிக்கப்பட்டது. ஜூலையில் சுவிட்சர்லாந்தின் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் இண்டர் காசியே வாகையர் என்று தீர்த்தது. திடலில் ஓடியவர்கள் வியர்வை உலர்ந்து மூன்று மாதங்கள் கழித்துத் தாம் யார் என்று அறிந்துகொண்டனர். அப்ஸும் துப்யானும் வாளெடுத்த இடத்தில் இவர்கள் நீதிமன்றம் சென்றனர் என்பது ஆறுதல். வழக்கே எழாதபடி விதி தெளிவாக இருந்திருந்தால் அதுவன்றோ அழகு?

எல்லைக்கோடு எங்கே என்பதில் ஒரே ஒரு சரியான விடை இருப்பதாகவும் கொள்ள வேண்டாம். அமெரிக்கர் 2024இல் நான்கு அணிகளைப் பன்னிரண்டாக விரித்தனர். அவ்வாண்டு நவம்பர் 30 அன்று ஓஹாயோவை அதன் திடலிலேயே மிச்சிகன் 13–10 என்று வென்றது. வென்றவர் தம் கொடியை எதிரியின் திடல் நடுவே நட முயல, அடிதடி மூண்டு, காவலர் மிளகுப்பொடி தெளிக்கும் அளவுக்குச் சென்றது. தோற்ற அதே ஓஹாயோ, விரிந்த வாயில் வழியே நுழைந்து 2025 ஜனவரியில் நாட்டின் வாகையர் ஆயிற்று. பருவம் முழுதும் தவறாமை ஒரு சிறப்பு. வீழ்ந்தபின் எழுவது இன்னொரு சிறப்பு. எதற்குப் பரிசு என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால் இரண்டும் நீதியே. முடிவைப் பார்த்தபின் அளவுகோலைத் தேடினால் இரண்டும் அநீதியே.

பெயரை மாற்றிப் பார்த்தல்

தன் உள்ளத்தில் பேசுவது அன்பா, அஸபிய்யத்தா என்பதை ஒருவன் எப்படி அறிவான்? எளிய சோதனை ஒன்று உண்டு. தான் சொல்லும் வாதத்தில் இரு அணிகளின் பெயர்களையும் இடம் மாற்றிச் சொல்லிப் பார்க்கட்டும். ‘நடுவர் தவறினார், ஆகவே அந்த வெற்றி செல்லாது’ என்ற வாதம், தவறு நமக்குச் சாதகமாக இருந்தபோதும் நம் வாயில் வருமா? ‘முக்கிய ஆட்டக்காரர் இல்லை, ஆகவே தோல்வியைக் கணக்கில் கொள்ளலாகாது’ என்பதை எதிரணிக்கும் வழங்குவோமா? பெயர் மாறியதும் நாக்கு தடுமாறினால், அதுவரை பேசியது நீதியன்று, குலம்.

சேலத்திலும் நாமக்கல்லிலும் இது வெறும் பேச்சளவில் நிற்பதன்று. கல்லூரிகளுக்கிடையிலான போட்டியிலிருந்துதான் பல்கலைக்கழக அணி தேர்ந்தெடுக்கப்படுகிறது. அந்த அணியில் ஓரிடம் என்பது, தறி ஓட்டும் வீட்டுப் பிள்ளைக்கும் லாரி ஓட்டுநர் மகளுக்கும், சான்றிதழாகவும் விளையாட்டு ஒதுக்கீடாகவும் சில வேளை வேலையாகவும் மாறுகிறது. தேர்வுக்கு அமர்வோர் ஆசிரியர்களே. அவர்களுக்கும் ஒரு கல்லூரி உண்டு, ஓர் ஊர் உண்டு, ஒரு சமூகம் உண்டு. கடைசி ஓரிடத்திற்கு இருவர் நிற்கையில், ‘இவன் இனிமேல் நன்றாக வருவான்’ என்ற ஊகம் எழுந்தால், அந்த ‘இவன்’ பெரும்பாலும் நம்மவனாகவே இருப்பதைக் காணலாம். சான்றைக் கேட்பதும், தன் மாணவன் பெயர் வரும்போது சற்று விலகி அமர்வதும் அத்தேர்வாளரின் கடமை. இழந்த ஓரிடத்திற்கு அடுத்த ஆண்டு ஈடு செய்யலாம் என்பர். கல்லூரிப் பருவத்தில் அடுத்த ஆண்டு எல்லோருக்கும் வருவதில்லை.

எதிரணி தரும் பெருமை

உமையாக்கள் காலத்தில் ஜரீர், ஃபரஸ்தக் என்னும் இரு பெருங்கவிஞர் வாழ்ந்தனர். இருவரும் தமீம் என்ற ஒரே பெருங்குலத்தின் வெவ்வேறு கிளையினர். நாற்பது ஆண்டுக் காலம் ஒருவரையொருவர் வசைபாடி, ஒருவர் எடுத்த யாப்பிலேயே மற்றவர் மறுமொழி பாடிய கவிதைப் போர் ‘நகாயிள்’ என்று தொகுக்கப்பட்டிருக்கிறது. இருவரில் பெரியவர் யார் என்று அன்று பாசறைகளில் தொடங்கிய விவாதம் இன்று அரபுக் கல்லூரிகளிலும் முடிந்தபாடில்லை. ஃபரஸ்தக் இறந்த செய்தி வந்தபோது, வாழ்நாளெல்லாம் இகழ்ந்த அதே ஜரீர் அவருக்காகக் கையறுநிலை பாடினார். சின்னாட்களில் தாமும் மறைந்தார் என்று மரபு சொல்கிறது. எதிரி போனபின் தம் பாட்டுக்கு உரைகல் இல்லை என்பதை அவர் உணர்ந்திருக்க வேண்டும்.

கொல்கத்தாக் கால்பந்து இப்பாடத்தைக் கண்ணீரோடு கற்றது. 1891இல் தோன்றிய முகமதன் ஸ்போர்ட்டிங், 1934இல் கல்கத்தா லீகை வென்ற முதல் இந்திய அணியாகி, 1938 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து அவ்வாகையைத் தன்னிடமே வைத்திருந்தது. இந்திய முஸ்லிம் இல்லங்கள் பலவற்றில் அது பெருமிதமாகப் பேசப்பட்டது, அப்பெருமிதத்தில் தவறில்லை. ஆனால் அணிகளின் பெயரை வைத்து மனிதரைப் பங்கிட்டுவிடவும் இயலாது. 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஈஸ்ட் பெங்காலின் முன்வரிசை ஐவருக்கு இரசிகர்கள் ‘பஞ்ச பாண்டவர்’ என்று பெயரிட்டனர். அவ்வைவர் வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், ஸாலிஹ் ஆகியோர். பாண்டவருள் இருவர் முஸ்லிம்கள். வங்கத்தின் பெருமையைச் சுமந்தவரோ தென்னாட்டினர். திடலில் பந்து எவனுடைய காலுக்கு வருகிறதோ அவனே உறவினன்.

அதே நகரில் 1980 ஆகஸ்ட் 16 அன்று, ஈடன் தோட்டத்தில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் ஆடியபோது, பார்வையாளரிடையே மூண்ட கலவரத்தில் பதினாறு பேர் மாண்டனர். அவர்கள் நினைவாக அந்நாளில் இரத்ததானம் செய்யும் வழக்கம் பின்னர் அங்கே ஏற்பட்டது. சிந்தப்பட்ட இரத்தத்திற்குக் கழுவாயாகக் கொடுக்கப்படும் இரத்தம்! ஹரிமும் ஹாரிஸும் கொடுத்த ஒட்டகங்கள் இங்கே நினைவுக்கு வருகின்றன.

நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 2024 ஆகஸ்டில், அந்நகரின் அரசு மருத்துவமனையில் இளம் பெண் மருத்துவர் ஒருவர் கொடுமைக்குள்ளாகிக் கொலையுண்டார். ஆகஸ்ட் 18 அன்று நடக்கவிருந்த இரு பெரும் அணிகளின் ஆட்டம் நிறுத்தப்பட்டது. ஆட்டம் இல்லாத அத்திடலின் வெளியே மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்று அணிகளின் இரசிகர்களும் தத்தம் கொடிகளோடு ஒன்றாகக் கூடி, அந்தப் பெண்ணுக்கு நீதி கேட்டு நின்றனர். எவரும் தம் நிறத்தைக் களையவில்லை. சார்பைத் துறக்காமலே சாட்சியாக நிற்க முடியும் என்பதற்கு இதனினும் விளக்கமான காட்சி வேண்டுமா?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அள்பா என்னும் ஒட்டகம் பந்தயத்தில் தோற்றதே இல்லை. ஒருநாள் நாட்டுப்புறத்து அரபி ஒருவர் இளம் ஒட்டகத்தில் வந்து அதனை முந்திவிட்டார். தோழர்களுக்கு அது பெருந்துயரமாயிற்று. அண்ணலாரோ அந்த அரபியின் வெற்றியைக் குறைக்க ஒரு சொல்லும் சொல்லவில்லை. உலகில் உயர்ந்தது எதுவும் ஒருநாள் தாழாமல் இருப்பதில்லை என்ற இறைநியதியை எடுத்துரைத்துத் தோழர்களின் முகவாட்டத்தைத் தீர்த்தார்கள். தோற்ற தரப்பின் தலைவரே வென்றவருக்குச் சாட்சியானார்.

நம் இல்லங்களில் பிள்ளைகள் ஆட்டம் முடிந்து திரும்பும்போது, ‘வென்றீர்களா?’ என்ற வினா தானாகவே வந்துவிடும். அதைத் தடுக்க வேண்டியதில்லை. அதற்கடுத்து இன்னொரு வினாவையும் பெற்றோர் கேட்டுப் பழக வேண்டும்: “எதிரணியில் மிக நன்றாக ஆடியது யார்?” அப்பெயரைத் தயங்காமல் சொல்லும் பிள்ளையை நம்பி நாளை ஒரு வழக்கை ஒப்படைக்கலாம், ஒரு பதவியை ஒப்படைக்கலாம், ஓர் ஊரையே ஒப்படைக்கலாம்.